தற்செயல் எண்டு சொல்லாதேங்கோ

யூரியூபில் பாய்ப்படகு வீடியோ பார்க்கிற பழக்கம் கொரோனாக் காலத்தில் எங்களில் கனபேருக்குத் தொற்றிக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு சோடி, வெள்ளைப் படகு, ஒரு நாய்க்குட்டி, நீலத் தண்ணி, மேலேயிருந்து ட்ரோன் எடுக்கிற காட்சி. அந்த ட்ரோன் காட்சி அடுத்த முறை வரும்போது ஒரு கணம் நிறுத்திப் பாருங்கோ. பெரிய பாயின் அடிவிளிம்பை ஒட்டி, பாய்மரத்திலிருந்து படகின் பின்பக்கம் நோக்கி ஒரு தடி கிடையாக நீண்டிருக்கும். அதுக்குப் பேர் பூம். பெரும்பாலும் அலுமினியம், பழைய படகுகளில் மரம், காசு கூடின ஆக்களிட்டக் காபன் ஃபைபர். வீடியோக்களில் அந்தத் தடியைப் பற்றி ஒருத்தரும் பெரிதாகக் கதைப்பதில்லை. கதைத்தாலும் "தலையைக் குனி" எண்டு பகிடியாக ஒரு வார்த்தை, பிறகு சிரிப்பு.

எனக்கு அந்தப் பகிடியோடதான் பிரச்சினை.

2016 ஜூன் மாதம் நியூசிலாந்திலிருந்து பிஜிக்குப் புறப்பட்ட பிளட்டீனோ என்ற பாய்ப்படகில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான படகு. பலத்த காற்றில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு அடித்துத் திரும்பியது. பூமைப் பிடித்திருந்த அமைப்பு அந்த அடியில் பிய்ந்துபோனது. அதுக்குப் பிறகு அந்தத் தடியை நிறுத்த ஒன்றுமில்லை. படகு உருளுகிற ஒவ்வொரு தடவையும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியடித்தது. ஒருவர் இறந்தார். இன்னொருவர் கடலில் விழுந்து காணாமல் போனார். மிச்ச மூன்று பேரையும் ஒரு கொள்கலன் கப்பல் வந்து காப்பாற்றியது. 2022 ஜூனில் பெர்முடாவிலிருந்து கனடாவை நோக்கிப் போன இன்னொரு பெரிய படகில், பாயைக் குறைக்கிற நேரத்தில் பூமை ஆளுகிற கயிறு அடித்து ஒரு தம்பதியர் இருவருமே உயிரிழந்தார்கள். 2024 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் ஓட்டத்தின் முதல் இரவில் இரண்டு வேறு படகுகளில் இரண்டு பேர்: ஒருவரை பூம் அடித்தது, மற்றவரை அதன் கயிறு தூக்கி எறிந்தது. இந்தக் கடைசிச் சம்பவம் போட்டியில் நடந்தது, நான் எழுத வந்தது நெடும்பயணப் படகுகளைப் பற்றி. ஆனால் தடி ஒன்றுதான், கயிறும் ஒன்றுதான்.

இப்படிச் செய்திகள் வருகிறபோது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் இருக்குது. ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே தமிழாக்கினால் "தற்செயல் ஜைப்". கலைப்பீடத்தில் படிக்கிற எனக்குப் படகைவிட முதலில் உறுத்தினது இந்தச் சொல்தான். எங்கட ஊரில் பஸ் கவிழ்ந்தால் அடுத்த நாள் பேப்பரில் "சாரதியின் கவனயீனம்" எண்டு வரும். றோட்டு எப்படி இருந்தது, பிறேக் எப்ப பார்த்தது, அந்த மனிசன் எத்தனை மணித்தியாலம் நித்திரை இல்லாமல் ஓடினவர் என்ற கேள்வியெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அமுங்கிப் போகும். "தற்செயல் ஜைப்" என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஏன் அது தற்செயல் இல்லை என்று சொல்ல, பூம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேணும்.

பூமின் ஒரு முனை பாய்மரத்தில் ஒரு மூட்டில் பொருந்தியிருக்கும். கதவு பிணைச்சலில் திரும்புகிற மாதிரித் திரும்பும். கதவு மேலும் கீழும் போகாது, இது போகும். மற்ற முனைக்குச் சொந்தப் பிடி ஒன்றும் கிடையாது. அதை ஆளுவது ஒரு கயிறு, மெயின்ஷீற் என்பார்கள். பாயை இழுத்துக் கட்டுகிற கயிற்றுக்கு எங்கட பழைய அகராதிகளில் தாமான் என்று ஒரு சொல் இருக்குது. நான் அதையே பாவிக்கிறேன், கேட்க நல்லாயிருக்கு. தாமானை இழுத்தால் பூம் படகின் நடுவுக்கு வரும், விட்டால் வெளியே போகும். காற்று முன்பக்கத்தாலோ பக்கத்தாலோ வருகிறவரை இதில் பெரிய ஆபத்தில்லை.

காற்று பின்னால் வருகிறபோதுதான் கதை மாறும். அப்போது பூமை முழுக்க வெளியே விட்டு, பாயைக் காற்றுக்குக் குறுக்காக விரித்துப் போவார்கள். பார்க்க அமைதியாக இருக்கும். படகும் காற்றும் ஒரே திசையில் போவதால் காற்றின் பலமே தெரியாது. அந்த நேரத்தில் ஒரு அலை பின்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளினாலோ, காற்று சில பாகை திரும்பினாலோ, காற்று பாயின் மறுமுகத்தில் பட்டுவிடும். பிறகு கதவு சாத்துகிற மாதிரித்தான். வலப்பக்க நுனியிலிருந்து இடப்பக்க நுனி வரைக்கும் பூம் ஒரே வீச்சில் வரும். 30 சதுர மீற்றர் பாயில் மணிக்கு 37 கிலோமீற்றர் வேகக் காற்று நேராகப் பட்டால், கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 200 கிலோ பாரம் தள்ளுகிற மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தப் பாரம் நான்கு மடங்காகும். அந்த வீச்சின் வழியில்தான் ஆக்கள் நிற்கிற இடமும் இருக்குது.

இப்ப சொல்லுங்கோ. கடலில் அலை வருவது தற்செயலா? இரவு மூன்று மணிக்குச் சுக்கான் பிடிக்கிற ஆளுக்கு கண் சொக்குவது தற்செயலா? ஓட்டோபைலட் அலை தள்ளின பிறகுதான் திருத்தும், அதுக்கு முன்னாலேயே திருத்தாது, அதுவும் தற்செயலா? நூறு தடவை பின்காற்றில் போனால் சில தடவை இது நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தடியைக் கட்டாமல் விட்டால், பிழை சுக்கான் பிடித்தவரில் மட்டும் இல்லை.

அனுபவம் உள்ள ஆக்களுக்கு இது நடக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்குது. பிரான்ஸ்காரருக்கு எரிக் தபார்லி எண்டால் கடலின் பேர் மாதிரி. 1964 இல் அத்லாந்திக்கைத் தனியாகக் கடக்கும் போட்டியில் வென்ற மனிசன். 1998 ஜூனில், தன்னுடைய நூறு வயதான பென் டுயிக் படகில், ஐரிஷ் கடலில், இரவில் பாய் மாற்றுகிறபோது ஒரு தடி அடித்துக் கடலில் விழுந்து இறந்தார். அடித்தது பூம் இல்லை, பழைய பாணிப் பாயின் மேல்விளிம்பைத் தாங்குகிற கட்டை. ஆனால் உருளுகிற படகில், கட்டு இல்லாத தடி அவ்வளவு பெரிய கடலோடியையே விடவில்லை. திறமை கூடின ஆள் பிழைப்பார் என்றால் முதலில் அவர் பிழைத்திருக்க வேணும்.

தீர்வு என்ன? கேட்டால் சப்பென்று போகும்: ஒரு கயிறு. ஆங்கிலத்தில் பிரிவென்ரர், தமிழில் தடுப்புக் கயிறு எண்டு வைப்போம். பூமின் வெளிமுனையிலிருந்து படகின் மூக்குக்குப் போக வேணும். அங்கே ஒரு கப்பிக்குள்ளால் திரும்பி, படகின் ஓரத்தால் பின்னுக்கு வந்து, சுக்கான் பிடிக்கிற ஆள் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் கட்டப்பட வேணும். தாமான் பின்னுக்கு இழுக்க, இது முன்னுக்கு இழுக்க, பூம் இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கும். காற்று மறுமுகத்தில் பட்டாலும் பாய் உப்பும், படகு வேகம் குறையும், ஒருத்தருக்கும் தலை உடையாது.

இதில் "வெளிமுனை" என்ற சொல்லை நான் அடிக்கோடிட வேணும், ஏனென்றால் பிழை நடக்கிற இடம் அதுதான். பூமின் நடுப்பகுதியிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு ஒரு கப்பிக்கயிறு போகும், அதுக்கு வாங் எண்டு பேர். (கடையில வாங்கிறதோட சம்பந்தமில்லை.) பூமை வெளியே விட்ட பிறகு தாமான் அதைக் கீழே பிடிக்க முடியாது, பூம் மேலே எழும்பிப் பாய் முறுகும், அதைக் கீழே அமத்தி வைப்பதுதான் வாங்கின் வேலை. நல்ல சாமான். ஆனால் சில படகுகளில் இதையே கழற்றி, பூமின் நடுவிலிருந்து படகின் ஓரத்து விளிம்பில் கொழுவிவிட்டு, "தடுப்புக் கயிறு போட்டாச்சு" என்பார்கள். 5 மீற்றர் பூமை மூட்டிலிருந்து 1.5 மீற்றரில் கட்டிப் பிடித்தால், அதே வீச்சைத் தடுக்க அந்தக் கயிறு வெளிமுனையில் கட்டியதைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரம் தாங்க வேணும். கயிறு தாங்கினால் பூம் தாங்காது. முழங்காலில் வைத்து விறகு முறிக்கிற மாதிரி, கட்டின இடத்தில் முறியும். முறிந்த அலுமினியத் தடி ஆக்கள் தலைக்கு மேலே ஆடுவதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ.

வெளிமுனையில் கட்டுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்குது, மறைக்கவில்லை. பூம் வெளியே போன பிறகு அதன் முனை தண்ணிக்கு மேலே நிற்கும். எட்டிக் கட்டப்போனால் ஆளே விழுவார். அதனால்தான் பலர் "பிறகு பார்ப்பம்" என்று விடுகிறார்கள். இதுக்கும் வழி இருக்குது. முனையில் ஒரு கயிற்றை நிரந்தரமாகக் கட்டி, பூமின் நீளத்துக்கே கொண்டுவந்து, மூட்டுக்குப் பக்கத்தில் கொழுவி வைத்துவிடலாம். தேவைப்படும்போது அதை மூக்கிலிருந்து வருகிற கயிற்றோடு இணைத்தால் சரி. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கயிறு, இரண்டு கப்பி. படகில் உள்ள குளிர்சாதனப்பெட்டியின் விலைகூட வராது. ஆனால் பெரும்பாலான தொழிற்சாலைப் படகுகள் குளிர்சாதனப்பெட்டியோடு வரும், இந்தக் கயிறு இல்லாமல் வரும். படகு வாங்கினவர் பிறகு தானே பார்த்துக்கொள்ள வேணும்.

என் கோபம் இந்த இடத்தில்தான். தாமானையும் பாருங்கோ. முந்திப் பல படகுகளில் அது பூமின் பின்முனையில் இருந்தது. ஆக்கள் இருக்கிற இடத்துக்குள் கயிறு வந்தால் இடைஞ்சல், வெயில் மறைப்புக் கூரை போட முடியாது என்று இப்ப கன படகுகளில் பூமின் நடுவுக்கு நகர்த்திவிட்டார்கள். கயிறு ஆக்களிட்டயிருந்து விலகினது நல்லதுதான். ஆனால் நடுவில் பிடித்தால் பாரம் கூடும் என்ற அதே கணக்கு தாமானுக்கும் பொருந்தும். சொகுசுக்கு ஒரு விலை இருக்குது, அந்த விலை விற்பனைப் புத்தகத்தில் அச்சாகவில்லை.

இன்னொன்று அளவு. முந்தி 9, 10 மீற்றர் படகில் உலகம் சுற்றின சோடிகள் இருந்தார்கள். இப்ப மின்சார வின்ச் வந்த பிறகு இரண்டு பேரே 15, 18 மீற்றர் படகை ஓட்டுகிறார்கள். படகின் நீளம் இரண்டு மடங்கானால் பாயின் பரப்பு நான்கு மடங்காகும். எல்லாம் அதே அளவில் பெருத்தால் பூமின் பாரம் எட்டு மடங்காகும். மனிசற்ற மண்டையோட்டின் தடிப்பு மட்டும் அப்படியேதான் இருக்கும். பட்டனை அமத்தி ஆளுகிற சக்தியைக் கையால் நிறுத்த முடியாது.

தடுப்புக் கயிற்றுக்கு எதிராகவும் நியாயமான வாதங்கள் இருக்குது. காற்று மறுமுகத்தில் பட்டு, கயிறும் பிடித்திருந்தால், படகு ஒரு பக்கம் சரிந்தபடி மாட்டிக்கொள்ளும். படகு உருண்டு பூமின் முனை தண்ணிக்குள் போனால், கயிறு விடாமல் பிடிக்க, பூம் முறியலாம். இரண்டும் உண்மை. அதனால்தான் கயிற்றின் மற்ற முனை மூக்கில் முடிச்சுப் போட்டு நிற்கக்கூடாது, பின்னுக்கு வர வேணும் என்கிறேன். பாரத்தோடேயே மெல்ல மெல்ல விடலாம். பிரான்சின் வால்டர் மாதிரி பூம் பிறேக்குகளும் இருக்குது, கயிற்றை ஒரு உருளையில் சுற்றி உராய்வால் வீச்சை மெதுவாக்கும். கெட்ட சாமான் இல்லை. ஆனால் அது வீச்சை நிறுத்தாது, மெதுவாக்கும். இரண்டும் பிடிக்காத ஆக்களுக்கு மூன்றாவது வழி: நெடுந்தூரப் பின்காற்றில் பெரிய பாயை இறக்கிக் கட்டிவிட்டு, முன்பாய் இரண்டை இரண்டு பக்கமும் விரித்துப் போறது. வேகம் கொஞ்சம் குறையலாம். பூம் நித்திரை கொள்ளும்.

நித்திரை என்றதும்தான் ஞாபகம் வருகுது, பூம் எங்கே நித்திரை கொள்ளும்? பாய் மேலே இருக்கும்வரை பாயே பூமைத் தாங்கும். பாயை இறக்கின கணமே வேறொன்று தாங்க வேணும், இல்லாட்டி நேரே தலையில்தான். பாய்மரத்தின் உச்சியிலிருந்து பூமின் முனைக்கு வருகிற தாங்கு கயிறு அதுக்குத்தான், ரொப்பிங் லிஃப்ற் என்பார்கள். இப்ப பல படகுகளில் வாங்கையே ஒரு உலோகக் குழாயாக்கி, உள்ளே சுருள்வில்லோ வாயுவோ வைத்து, கீழே இழுக்கவும் மேலே தாங்கவும் ஒன்றையே பாவிக்கிறார்கள். அதைப் பூட்டினதும் தாங்கு கயிற்றைக் கழற்றிவிடுகிறார்கள், அது தொய்ந்து பாயின் விளிம்பில் உரசுது எண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வில் துருப்பிடிக்கும், வாயு ஒழுகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அதோடு, பாயை ஏற்றுகிற கயிறு அறுந்தால் தாங்கு கயிறு அதுக்குப் பதிலாக நிற்கும். உரசுகிற ஒரு கயிற்றுக்காக இவ்வளவையும் விடுவதா?

பழைய படகுகளில் இன்னொன்று இருந்தது. பின்பக்கத்தில் குறுக்காக ஒரு உறுதியான சட்டம், மேல்விளிம்பில் பூம் உட்காரப் பள்ளங்கள். பாயை இறக்கி, பூமை அந்தப் பள்ளத்தில் வைத்துக் கட்டிவிட்டால் புயலிலும் அசையாது. ஆக்கள் பிடித்துக்கொண்டு நிற்கவும் அது உதவும். ஆங்கிலத்தில் அதுக்குப் பேர் காலோஸ், தூக்குமரத்துக்குச் சொல்கிற அதே சொல். ஆளைக் காப்பாற்றுகிற சட்டத்துக்கு இப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். இன்றைய படகுகளில் அது அநேகமாக இல்லை. பாரம், இடம், முக்கியமாக வடிவு கெட்டுப்போகும்.

பூம் இல்லாமலே பாய் விரிக்க முடியாதா என்றும் கேட்கலாம். முடியும். இந்து சமுத்திரத்தின் கனபங்கு பாய்கள் பூம் இல்லாதவைதான். அரபுத் தௌக்களின் முக்கோணப் பாய்க்கு மேலேதான் தடி, கீழே வெறும் கயிறு. நீர்கொழும்பின் ஒருவ வள்ளத்தின் பாயை இரண்டு கழிகள் விரித்துப் பிடிக்கும். கீழே பூம் இல்லை. சீனப் பாயில் பாய் முழுக்கக் குறுக்குச் சட்டங்கள் இருக்கும், பாயின் ஒரு பங்கு பாய்மரத்துக்கு முன்னாலேயும் நிற்கும், அதனால் திரும்புகிறபோது வீச்சு மென்மை. 1960 இல் அத்லாந்திக்கைத் தனியாகக் கடக்கும் முதலாவது போட்டியில், பிளொண்டி ஹஸ்லர் தன் சின்ன ஜெஸ்ரர் படகில் சீனப் பாயோடு போய் இரண்டாவதாக வந்தார். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் குறை இருக்குது. காற்றை எதிர்த்து ஏறுவதில் பூம் வைத்த பாயைத் தௌவின் பாய் எட்டாது என்று சொல்லுவினம். ஆனால் பூம் இயற்கை விதி இல்லை, ஒரு தெரிவு. தெரிவு செய்தவருக்கு அதைக் கட்டிவைக்கிற பொறுப்பும் இருக்குது.

"இலங்கையில ஆரிட்ட இந்தப் படகு இருக்கு, உனக்கேன் இது" எண்டு நண்பர்கள் கேட்கினம். பாய்க்கப்பல் பேச்சு வந்தால் நாங்கள் உடனே அன்னபூரணியை இழுப்போம். வல்வெட்டித்துறையில் கட்டின கப்பல், வல்வெட்டித்துறை ஆக்களே ஓட்டிக்கொண்டு போய் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரி, பெருமைதான். அதை வாங்கின வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதுக்கு முதலே 10 மீற்றர்கூட இல்லாத ஸ்வாப் என்ற படகில் உலகம் சுற்றின ஆள் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கப்பலில் ஒரு கயிற்றின் பேராவது சொல்ல ஏலுமா? எங்கட பெருமை கப்பலோட போய்ச் சேர்ந்த இடத்தில நிக்குது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கயிறுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆளில்லை. அந்தக் கயிறுகளைத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

திருகோணமலையில் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து நங்கூரமிடுகிறதைக் கரையிலிருந்து பார்க்கலாம். அடுத்த முறை பார்த்தால் படகின் வடிவை விட்டுவிட்டு பூமைப் பாருங்கோ. எதில் தொங்குது, தாமான் இறுக்கியிருக்கா, முனையிலிருந்து இன்னொரு கயிறு பூமோடு சேர்ந்து மூட்டுப் பக்கம் வருகுதா. யூரியூபிலும் அப்படித்தான். சோடி சூரியன் மறைகிறதைக் காட்டிக்கொண்டு பின்காற்றில் போகிற வீடியோவில், பூமின் முனையிலிருந்து முன்னுக்குப் போகிற கயிறு தெரியவில்லை என்றால், கீழே கொமென்ற்றில் ஒரு வரி போடுங்கோ: "தடுப்புக் கயிறு எங்க?" நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன். ஒருவர் இதுவரை பதில் எழுதியிருக்கிறார். அவரது படகில் அது ஒரு பெட்டிக்குள் இருக்குதாம், இன்னும் பூட்டவில்லையாம்.